கார்டு கையில் இருக்கு, சலுகை எங்கே? – வாசகர் கேள்வி பதில்

நட்சத்திர ஹோட்டல்களில் கிரெடிட் கார்டு மூலம் கிடைக்கும் கூடுதல் வசதிகள் பற்றி கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் 25-வது திருமண நாளுக்கு மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கினோம். என் கார்டில் 'விசா இன்ஃபினிட்' என்று போட்டிருக்கிறது. காலை உணவு இலவசம், பெரிய ரூம் கிடைக்கும் என்று சொல்லித்தான் வங்கியில் கொடுத்தார்கள். ரிசப்ஷனில் கார்டைக் காட்டினால், "உங்க புக்கிங்ல அப்படி எதுவும் இல்லையே சார்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– மஞ்சக்குப்பம் வாசகர்

ஏமாற்றவில்லை. நீங்கள் எந்த வழியாக ரூம் போட்டீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் பின்பகுதியில், ஒரு பயண ஆப்பில் முழுப் பணமும் கட்டி புக் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். சலுகை அங்கேயே போய்விட்டது.

ஹோட்டல் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு ரேட் கோடு (விலை வகையைக் காட்டும் குறியீடு) உண்டு. ரிசப்ஷனில் நிற்பவர் பார்ப்பது அந்தக் கோடைத்தான், உங்கள் கார்டை அல்ல. ஆப் வழியாக வந்த கோடு 'ரூம் மட்டும்' என்று சொன்னால், அவர் மனசு வைத்தாலும் காலை உணவைச் சேர்க்க வழியில்லை. பணமும் ஆப்காரரிடம்தான் போயிருக்கிறது.

விசா தன் உயர்வகைக் கார்டுகளுக்கென்று 'லக்ஸுரி ஹோட்டல் கலெக்‌ஷன்' என்று தனி இணையதளம் வைத்திருக்கிறது. அதில் உள்ள ஹோட்டலை அந்தத் தளத்திலேயே, அந்தக் கார்டையே கொடுத்து புக் செய்தால்தான் காலை உணவு, வைஃபை, சாப்பாட்டு பில்லில் 25 டாலர் கழிவு (தள்ளுபடி) ஆகியவை வரும். பெரிய ரூமும் தாமதமாகக் காலி செய்யும் வசதியும் அன்றைக்கு இடம் இருந்தால் மட்டும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) பிளாட்டினம் கார்டுக்கு உள்ள 'ஃபைன் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ்' திட்டமும் இதே மாதிரிதான். அவர்களுடைய தளத்திலோ கார்டு சேவைத் தொலைபேசியிலோ போட வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். சலுகைப் பட்டியல் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, ரத்து செய்யக்கூடிய ரேட்டில் புக் செய்யுங்கள். உறுதி மின்னஞ்சலில் அதே சலுகைகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இலவச ரத்துக்கான கெடு முடிவதற்கு முன்பே ஹோட்டலின் ரிசர்வேஷன் பிரிவுக்குப் போன் செய்து, "என் புக்கிங்கில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சங்கிலி நிறுவனத்தின் பொது எண் வேண்டாம், அந்த ஹோட்டலின் நேரடி எண்ணே நல்லது. ஏதாவது விடுபட்டிருந்தால் ரத்து செய்து மறுபடி போட அப்போது அவகாசம் இருக்கும். செக்-இன் அன்று கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். அவனிடம் அமெக்ஸ் பிளாட்டினம் இருக்கிறது. வரும் கோடையில் நானும் என் கணவரும் போகிறோம். அவன் வீடு சின்னது. "அம்மா, நான் புக் பண்ணித் தர்றேன், நீங்க ரெண்டு பேரும் தங்குங்க" என்கிறான். எங்களுக்குச் சலுகைகள் கிடைக்குமா?
– லாஸ்பேட்டை வாசகி

ஃபைன் ஹோட்டல்ஸ் திட்டத்தின் விதிப்படி கார்டுக்குச் சொந்தக்காரரும் அந்தப் பயணத்தில் உடன் இருக்க வேண்டும். மகன் தன் வீட்டில் இருந்துகொண்டு உங்களை மட்டும் அனுப்பினால், ஹோட்டல் மறுத்தால் அவர் வாதாட முடியாது. ஒரு கார்டுதாரருக்கு ஒரே தங்கலில் மூன்று ரூம் வரை சலுகை உண்டு என்பதால், அவரும் ஓர் இரவு வந்து உங்களோடு தங்கும்படி இரண்டு ரூம் போடுவது நேர்மையான வழி. இல்லையென்றால் உங்கள் பெயரிலேயே கூடுதல் பிளாட்டினம் கார்டு எடுக்க முடியுமா என்று அவர் தன் கார்டு நிறுவனத்தில் கேட்கட்டும். அப்போது நீங்களே கார்டுதாரர்.

பாரிஸில் இரண்டு விஷயம் கவனத்தில் வையுங்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வரும். தொகை ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்தது. கார்டு திட்டம் தரும் கழிவு இந்த வரிக்குப் பொருந்தாது. இரண்டாவது, நீங்கள் இங்கிருந்து கொண்டுபோகும் இந்தியக் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கும். யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த மெஷின்காரர் வைத்த மாற்று விகிதம்தான். யூரோவில் போட்டாலும் பெரும்பாலான இந்தியக் கார்டுகளில் 3.5% கூடுதல் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு, மொத்தம் 4.13%. ஹோட்டல் பில் பெரிது என்பதால் இந்தச் சதவீதம் குறைவாக உள்ள கார்டையே எடுத்துப் போங்கள்.

அமெக்ஸ் பிளாட்டினம் வாங்கலாமா? ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. ஹோட்டல் சலுகையிலேயே போட்டதை எடுத்துவிடலாம் என்கிறார் அலுவலக நண்பர்.
– நெய்வேலி வாசகர்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆண்டுக் கட்டணம் வரியோடு 70,000 ரூபாயைத் தாண்டும்.

ஃபைன் ஹோட்டல்ஸ் தருவது இவை: இருவருக்குத் தினமும் காலை உணவு, மாலை 4 மணி வரை ரூமில் இருக்க உத்தரவாதம், வைஃபை, தங்கல் ஒன்றுக்கு 100 டாலர் கழிவு. மதியம் 12 மணிக்கே செக்-இன், ரூம் அப்கிரேடு ஆகிய இரண்டும் இடம் இருந்தால்.

சென்னையில் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டல், ரத்து செய்யக்கூடிய ரேட் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்டு தளத்திலும் பெரும்பாலும் இதே விலைதான் இருக்கும். ஆனால் ஹோட்டல் தன் சொந்தத் தளத்தில் உறுப்பினர்களுக்கு, முன்பணம் கட்டினால் 15% குறைத்து 13,600-க்குத் தருகிறது. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ஒன்று 18,880, மற்றது 16,048. ஆக, கார்டு வழியில் ஓர் இரவுக்கு 2,832 ரூபாய் அதிகம் தருகிறீர்கள். பதிலுக்கு, தலைக்கு 1,500 என்றால் காலை உணவு வரியோடு 3,540 மிச்சம். 100 டாலர் கழிவை 8,000 ரூபாய் என்று வைத்தால், ஓர் இரவுக்கு நிகர லாபம் 8,708.

இதே கணக்கை இரண்டு இரவுக்குப் போடுங்கள். கழிவு ஒரே முறைதான், மீதி இரண்டும் இரட்டிப்பு. லாபம் 9,416, ஓர் இரவுக்கு 4,708 மட்டும். மூன்று இரவு என்றால் ஓர் இரவுக்கு 3,375 ஆகக் குறைகிறது. ஆகவே இந்தத் திட்டம் ஓர் இரவுத் தங்கலுக்குத்தான் மிக லாபம். அதற்காக ஒரே ஹோட்டலில் அடுத்தடுத்த நாள்களை இரண்டு புக்கிங்காகப் பிரித்துப் போடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்தால் அதை ஒரே தங்கலாகத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

ஆண்டுக் கட்டணத்தை ஹோட்டல் சலுகையில் மட்டும் எடுக்க, இப்படி ஒன்பது தனித்தனி ஓரிரவுத் தங்கல் வேண்டும். அதுவும், கழிவு இல்லாவிட்டாலும் அந்த 8,000 ரூபாய்க்கு அங்கே சாப்பிட்டிருப்பீர்கள் என்றால்தான் இந்த லாபம் நிஜம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தங்குபவர் இதற்காக மட்டும் அந்தக் கார்டை வாங்குவது வீண் என்பதே எங்கள் கருத்து. பில்லை முழுதாகக் கட்டாமல் பாக்கி வைப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாதம் 3.5% வட்டி ஓடினால் எந்தக் காலை உணவும் அதை ஈடுகட்டாது.

100 டாலர் கழிவு உண்டு என்று மின்னஞ்சலில் இருந்தது. காலி செய்யும்போது பில்லில் காணோம். அவசரத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.
– அரியாங்குப்பம் வாசகர்

காலி செய்யும் நேரத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், டாக்சி வெளியே காத்திருக்கும். அப்போது பில்லைப் படிக்க முடியாது. முந்தின நாள் இரவே ரிசப்ஷனில் தற்காலிக பில் கேட்டு வாங்குங்கள். அதில் சாப்பாட்டுக்கு வந்த தொகைகளுக்குக் கீழே கழித்தல் குறியோடு ஒரு வரி இருக்க வேண்டும். சில ஹோட்டல்களில் காலி செய்யும்போதுதான் அதைப் போடுவார்கள். அப்படியானால் "காலையில் போட்டுவிடுவோம்" என்று புக்கிங் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கழிவு வராமல் போவதற்கு வழக்கமான காரணம், சாப்பிட்ட இடத்திலேயே கார்டில் கட்டிவிடுவது. தொகை ரூம் கணக்கில் ஏறினால்தான் கழிக்க முடியும். பில்லில் ரூம் எண் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஹோட்டல் வளாகத்திலேயே வேறொருவர் வாடகைக்கு நடத்தும் கடை, அழகு நிலையம் போன்றவற்றுக்கு இது செல்லாது. சில இடங்களில் கழிவு ஸ்பாவுக்கு மட்டும், சில இடங்களில் உணவுக்கு மட்டும் இருக்கும். அறை வாடகைக்கும் வரிக்கும் பொருந்தாது. 8,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், அதன்மேல் வரும் 1,440 ரூபாய் ஜிஎஸ்டி உங்கள் கையிலிருந்து போகலாம். செலவழிக்காத மீதியைப் பணமாகவும் தர மாட்டார்கள், அடுத்த முறைக்கும் எடுத்துப் போக முடியாது.

உங்கள் விஷயத்தில் இன்னும் வழி இருக்கிறது. உறுதி மின்னஞ்சலையும் கட்டிய பில்லையும் இணைத்து, கார்டு நிறுவனத்தின் பயணப் பிரிவுக்கு எழுதுங்கள். ஹோட்டலுக்கு மட்டும் எழுதினால் பதில் இழுக்கும்.

உறவினர்கள் புதுச்சேரிக்கு வந்தால் வெள்ளை நகரத்தில் தங்கவே ஆசைப்படுகிறார்கள். அங்கே இந்தக் கார்டுகள் உதவுமா?
– முத்தியால்பேட்டை வாசகி

பெரிதாக உதவாது. துய்மா வீதி, சுஃப்ரேன் வீதிப் பக்கம் உள்ள பழைய பிரெஞ்சு வீட்டு ஹோட்டல்கள் பெரும்பாலும் பத்து இருபது ரூம்களோடு தனியாக நடப்பவை. மேரியட், ஹில்டன் போன்ற ஹோட்டல் சங்கிலிகளின் உறுப்பினர் தகுதி அங்கே செல்லாது. அந்த ஹோட்டலுக்கே நேரடியாகப் போன் செய்து, ஞாயிறு முதல் வியாழன் வரை வருவதாகச் சொல்லி, காலை உணவோடு என்ன விலை என்று கேட்பதுதான் பலன் தரும். வெள்ளி, சனியில் சென்னை, பெங்களூருக் கூட்டத்தில் ஊரே நிரம்பிவிடும். அப்கிரேடு பேச்சே கிடையாது.

விலை கேட்கும்போது 7,500 ரூபாய் என்ற கோட்டை மறக்காதீர்கள். ஒரு நாள் வாடகை அதுவரை இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%தான். அதைத் தாண்டினால் 18%. 7,500 ரூபாய் ரூம் வரியோடு 7,875. நூறு ரூபாய் கூடுதலாகி 7,600 ஆனால் வரியோடு 8,968! வார நாளில் கொஞ்சம் பேசிக் குறைத்தாலே ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

ஹெச்டிஎஃப்சி மேரியட் பான்வாய் கார்டு எடுத்திருக்கிறேன். இலவச இரவு என்கிறார்கள், ஆனால் தேடும் ஹோட்டலில் எல்லாம் 'செல்லாது' என்று வருகிறது.
– பண்ருட்டி வாசகர்

அந்த இரவு 15,000 பாயின்ட் வரை விலையுள்ள ரூமுக்கு மட்டும். மேரியட்டில் பாயின்ட் விலை தேதிக்குத் தேதி மாறும். ஒரே ஹோட்டல் சனிக்கிழமை 22,000, செவ்வாய்க்கிழமை 14,000 என்று நிற்கலாம். எனவே ஹோட்டலை முடிவு செய்துவிட்டுத் தேடாமல், ஆப்பில் 'பாயின்ட்' என்பதைத் தேர்ந்து, நாள்காட்டியைப் பார்த்து, வார நாள்களில் தேடுங்கள். சென்னை, திருச்சி, மதுரை கோர்ட்யார்ட், சென்னையில் ஃபேர்ஃபீல்டு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். கொஞ்சம் கூடுதலானால் கணக்கில் உள்ள பாயின்ட்டைச் சேர்த்துக் கட்டவும் விடுகிறார்கள். இரவுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதற்குள் தங்கிவிட வேண்டும். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதாவது 3,540 கட்டி, 7,000 ரூபாய் ரூமில் ஓர் இரவு தங்கினால் கார்டு தன் வேலையைச் செய்துவிட்டது. இதோடு வரும் சில்வர் உறுப்பினர் தகுதியில் காலை உணவு கிடையாது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வங்கித் தளத்தில் புக் செய்தால் பல மடங்கு பாயின்ட் என்கிறார்கள். ஹோட்டல் தளத்தில் போட்டால் உறுப்பினர் மரியாதை. எது நல்லது?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

உங்களுக்கு அந்த ஹோட்டல் சங்கிலியில் கோல்டோ அதற்கு மேலோ தகுதி இல்லையென்றால் வங்கித் தளம். தகுதி இருந்தால் ஹோட்டல் தளம். வங்கித் தளம் என்பது பயண ஆப் மாதிரிதான். அதில் போட்ட இரவுக்கு ஹோட்டல் பொதுவாகத் தன் பாயின்ட்டோ உறுப்பினர் வசதியோ தராது. பல மடங்கு பாயின்ட்டுக்கு மாத உச்சவரம்பும் உண்டு. பெரிய பில்லாக இருந்தால் வரம்புக்குள் எவ்வளவு அடங்கும் என்று பார்த்துப் போடுங்கள்.

செக்-இன் போது டெபிட் கார்டு கொடுக்கலாமா?
– வில்லியனூர் வாசகி

வேண்டாம். சாப்பாடு, மினிபார் செலவுக்காக ஹோட்டல் ஒரு தொகையைத் தடுத்து வைக்கும். கிரெடிட் கார்டில் அது வரம்பைத்தான் குறைக்கும். டெபிட் கார்டில் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே முடங்கும், திரும்ப விடுபடச் சில நாள்கள் ஆகும். சலுகைக்காக புக் செய்த அதே கிரெடிட் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். புக்கிங்கில் உள்ள பெயர், கார்டில் உள்ள பெயர், ஆதார் அல்லது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். கணவர் பெயரில் கார்டு, உங்கள் பெயரில் புக்கிங் என்று இருந்தால் இரண்டு பேர் பெயரையும் முன்பே புக்கிங்கில் சேர்த்துவிடுங்கள்.