முழங்கால் தேய்வுக்குப் பயிற்சியோடு குளுக்கோசமினும் நோக்குளிசையும் சேர்த்து எடுக்கலாமா?

நான் வைத்தியர் இல்லை. கிளிநொச்சியில் அம்மாவின் முழங்காலோடு இரண்டு வருடமாக மல்லுக்கட்டும் மகள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பயிற்சியை விடாதீர்கள், மற்ற இரண்டையும் யோசித்துத் தொடுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. கச்சான் தோட்டத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிய கால். மூட்டுக்கு நல்லதென்று விற்கும் சத்துக்குளிசைதான் குளுக்கோசமின்; அண்ணா அதைக் கனடாவிலிருந்து பெரிய போத்தலில் அனுப்பினார். நாலு மாதம் போட்டும் படி ஏறும்போது அதே "ஐயோ"தான். பிறகு தேடிப் பார்த்தேன். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 1583 பேரை 24 வாரம் கவனித்திருக்கிறார்கள். மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை விழுங்கியவர்களில் 60 வீதமானோருக்கு நோ குறைந்திருக்கிறது. குளுக்கோசமின் எடுத்தவர்களில் 64 வீதம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். அதுவும் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத அம்மா இதைக் கேட்டதும் கையிலிருந்த குளிசையைத் திரும்பப் போத்தலுக்குள் போட்டுவிட்டார்.

எனக்குப் பயம் நோக்குளிசையில்தான். டைக்குளோபினாக்கை அட்டையாக வாங்கி விழுங்குவது எங்கட பக்கம் சாதாரணம். அம்மா பிரஷருக்கும் குளிசை எடுப்பவர். சில பிரஷர் குளிசைகளோடு இது சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு வரலாம். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வேறு இருக்கிறது. கிளினிக் டொக்டர் குளிசையை நிறுத்தி, அதே மருந்தை ஜெல்லாகப் பூசச் சொன்னார். பூசினால் இரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம்.

பிசியோ மிஸ் காட்டித் தந்தவை இரண்டே பயிற்சி. பிளாஸ்ரிக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பது. மற்றது, இருந்தபடியே காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. ஒரு மாதம் போனதும் பழைய காலுறையில் ஒரு கிலோ மணல் போட்டுக் கணுக்காலில் கட்டினோம். ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் மூன்று வாரமும் "இருந்த காலையும் கெடுக்கிறாய்" என்று நல்ல பேச்சு வாங்கினேன். செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை, அடுத்த நாள் காலையிலும் நோ கூடி நின்றால் மணலைக் குறை என்பது மிஸ்ஸின் கணக்கு. குளிசையால் நோவை மறைத்துவிட்டால் அந்தக் கணக்கும் பிழைக்கும். பத்தாவது வாரமளவில் அம்மா யாரும் கைகொடுக்காமல் பஸ்ஸில் ஏறினார்.

அப்புறம், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் குளுக்கோசமினைத் தொட வேண்டாம்.

அண்ணா போனில் கேட்டால் "போடுறன் மோனை" என்பார் அம்மா. அந்தப் போத்தலில் இப்போது வெந்தயம் இருக்கிறது.