இரட்டித்த வரிகளை நீக்க எத்தனை பாராமீட்டர்?

கேள்வி: தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் வாடிக்கையாளர் பட்டியலில், ஒரே செல்போன் எண் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்க பைத்தானில் ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். ‘கடைசி வரியை வை’ என்பதற்கு ட்ரூ/ஃபால்ஸ் பாராமீட்டர் (ஃபங்ஷனை அழைக்கும்போது தரும் மதிப்பு) உண்டு. இரட்டித்தவற்றில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று இப்போது கேட்கிறார்கள். இன்னொரு ட்ரூ/ஃபால்ஸ் சேர்க்கலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். தேவை மூன்று நிலைகள். இரண்டு ட்ரூ/ஃபால்ஸ் வைத்தால் நான்கு வந்துவிடும். ‘கடைசியை வை’, ‘எல்லாம் நீக்கு’ இரண்டுமே ட்ரூ என்றால் ஃபங்ஷன் எதைக் கேட்கும்? ‘கீப்’ என ஒரே பாராமீட்டர் போதும். மதிப்புகள்: முதல், கடைசி, எதுவுமில்லை. வேறு எது வந்தாலும் உடனே எரர் காட்டட்டும்.

அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நூலகமான பாண்டாஸும் இந்த வழியில்தான் வந்தது. அதிலிருந்த ‘டேக்_லாஸ்ட்’ என்ற ட்ரூ/ஃபால்ஸை 2015-இல், 0.17 பதிப்பில், ஓரங்கட்டிவிட்டு ‘கீப்’ கொண்டுவந்தார்கள். ஆனால் மூன்றாவது மதிப்பாக ஃபால்ஸை வைத்தார்கள். அதைப் பின்பற்றாதீர்கள்; நிரலைப் படிப்பவருக்கு ‘கீப்=ஃபால்ஸ்’ எதையும் சொல்லாது. அதே வகை நூலகமான போலார்ஸ் அங்கே ‘எதுவுமில்லை’ என்று பொருள்படும் சொல்லையே வைத்திருக்கிறது.

‘கடைசி’ என்றால் பட்டியலில் கீழே இருப்பது, தேதியில் புதியது அல்ல. பில் தேதிப்படி வரிசைப்படுத்திய பிறகே ஃபங்ஷனை அழையுங்கள். +91, இடைவெளி போன்றவற்றையும் முன்பே நீக்கிவிட வேண்டும்; அந்த வேலையை இந்த ஃபங்ஷனுக்குள் திணித்தால் பாராமீட்டர் பெருகிக்கொண்டே போகும். எந்த நெடுவரிசைகளை ஒப்பிடுவது என்பதற்கு மட்டும் தனிப் பாராமீட்டர் அவசியம்.

பெரிய ஆபத்து காலிக் கட்டங்களில் இருக்கிறது. உங்கள் ஃபங்ஷன் உள்ளே பாண்டாஸைப் பயன்படுத்தினால், அது காலி மதிப்புகளை ஒன்றுக்கொன்று சமம் என்றே எடுத்துக்கொள்ளும். எண் தராத வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ‘எதுவுமில்லை’ கொடுத்தால் அந்த ஒருவரும் போய்விடுவார். எரர் வராது என்பதால் கண்ணிலும் படாது. எண் இல்லாத வரிகளைத் தனியே எடுத்து வைத்து, மற்றதைச் சுத்தம் செய்து, பிறகு சேருங்கள்.

மூலப் பட்டியலிலேயே திருத்தும் ‘இன்பிளேஸ்’ வேண்டாம். புதுப் பட்டியலைத் திருப்பித் தாருங்கள்.

சோதிக்க ஐந்து வரிகள் போதும்: ஒரே எண் இரண்டு, வேறு எண் ஒன்று, காலி இரண்டு. ‘முதல்’, ‘கடைசி’ இரண்டுக்கும் 4 வரிகள் மிஞ்ச வேண்டும், ‘எதுவுமில்லை’க்கு 3. முறையே 3, 3, 1 என்று வந்தால் காலிக் கட்டங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன.