பால்வாடி சாவி யார் கையில்?

குழந்தை வளர்ப்பு என்று தலைப்பு கொடுத்துக் கேள்விகளை அனுப்பச் சொன்னோம். வந்ததில் முக்கால்வாசி வளர்ப்பைப் பற்றியே இல்லை. எந்த ஆபீஸ், யாரைப் பார்க்கணும், போன தடவை ஏன் திருப்பி அனுப்பினார்கள், இதுதான் திரும்பத் திரும்ப. சரி, இந்த முறை கஷாயம், சளி, தூக்கமெல்லாம் ஒதுங்கி நிற்கட்டும்.

எங்கள் தெருப் பால்வாடியில் மழை பெய்தால் ஒழுகுகிறது. டீச்சரிடம் கேட்டால் "கட்டடம் கார்ப்பரேஷனுது, அங்க சொல்லுங்க" என்கிறார். கவுன்சிலரிடம் போனால் "பால்வாடி வேற டிபார்ட்மெண்ட்மா" என்கிறார். யார் சொல்வது உண்மை அக்கா?
(வாசகி, அம்மாப்பேட்டை)

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இத்தனை வருஷமாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

நாம் பால்வாடி என்கிறோம், போர்டில் குழந்தைகள் மையம் என்று எழுதியிருப்பார்கள். 1975 அக்டோபர் 2இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கண்ணி அது. டீச்சர், ஆயா, முட்டை, சத்துமாவு, எடை பார்க்கும் தராசு எல்லாம் அந்தத் திட்டத்துக் கணக்கு. மேற்பார்வையாளர் இருப்பார், அவருக்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். தடுப்பூசி போட வருகிற நர்சம்மா சுகாதாரத்தின் ஆள். கூரை, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், வாசல் சாக்கடை இதெல்லாம் பெரும்பாலும் உள்ளாட்சி தலையில்தான் விழும். ஒரே அறைக்குள் மூன்று வீட்டுக் குடித்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அது சொந்தக் கட்டடமா, வாடகையா? வாடகை என்றால் கார்ப்பரேஷன் ஒரு ஓடு கூட மாற்றாது. வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது, இல்லாவிட்டால் இடத்தை மாற்றச் சொல்லித் திட்ட அலுவலருக்கு எழுத வேண்டியது. சொந்தக் கட்டடம் என்றால் கவுன்சிலரோடு நிறுத்தாமல் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் போங்கள். நம்ம சேலம் மாநகராட்சியில் 60 வார்டுக்கும் சேர்த்து நான்கு மண்டலம், அதில் உங்களுக்கு அம்மாப்பேட்டையிலேயே ஒன்று இருக்கிறது, பஸ் பிடிக்கக்கூட வேண்டாம். அங்கே அசையவில்லையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, 1100க்குப் போன் போட்டும் பதிவு செய்யலாம். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி கிடையாது.

பழுது பெரிது, கட்டடமே புதிதாக வேண்டும் என்றால் எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் பால்வாடி கட்ட முடியும். நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது, அதில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். அந்த ஒரு பங்கை யார் போடுவது என்று மலைக்காதீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஒரே வாரத்தில் தெருக்காரர்களிடம் வசூல் செய்கிற ஊர் இது, ரசீதுப் புத்தகம் எப்படிப் பிடிப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இன்னொன்று. தனியாகப் போகாதீர்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா போனால் "அடுத்த வாரம் வாம்மா", ஆறு அம்மாக்கள் போனால் நாற்காலி போடுவார்கள். நான் என் மகனுக்காக அலைந்த காலத்தில் தனியாகப் போய்ப் போய்த்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அதற்குள் அவன் ஒன்றாம் வகுப்புக்கே போய்விட்டான். வார்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து 2022 நவம்பர் 1இல் முதல்முறையாகப் பகுதி சபை கூட்டினார்களே, நினைவிருக்கிறதா? அடுத்து உங்கள் பகுதிக்கு எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு, அந்த ஆறு பேரும் போய் உட்காருங்கள்.

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம். காபிப் பழம் எடுக்கிற மாசங்களில் காலையில் நேரத்தோடு தோட்டத்துக்குப் போகணும், பால்வாடி அதுக்கப்புறம்தான் திறக்குது. எங்க கிராமத்திலிருந்து அது தூரமும் கூட. 2 வயசுப் பாப்பாவைச் செடிக்கடியில் தூளி கட்டிப் போட்டுட்டுத்தான் பறிக்கிறேன். வேற வழி இருக்கா?
(வாசகி, ஏற்காடு)

இருக்கிறது, ஆனால் நவம்பரில் தேடினால் கிடைக்காது, ஆகஸ்டிலேயே தேட வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெரிய எஸ்டேட்டா, சின்னத் தோட்டமா என்று நீங்கள் எழுதவில்லை. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கணும் என்று இருந்தது. பிறகு 20 பிள்ளைகள் இருந்தாலே போதும் என்று சேர்த்தார்கள். இப்போது சட்டத்தொகுப்பு மாறியிருந்தாலும் 50 பேர் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் என்பது போய்விடவில்லை. அதனால் பெரிய எஸ்டேட் என்றால் கேட்பது உரிமை, தயவு கேட்பதாக நினைக்க வேண்டாம். நம் மலையில் சின்னத் தோட்டங்களும் நிறைய, அங்கே இந்தக் கதை எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது பிடிக்க வேண்டியது ஊராட்சியை. மலைக்கும் பழங்குடி ஊர்களுக்கும் பால்வாடி விதி தனி. சமவெளி மாதிரி பெரிய ஊராக இருக்க வேண்டியதில்லை, 300 பேர் இருக்கிற குடியிருப்புக்கே ஒரு மையம், 150 பேர் இருந்தால் குறு மையம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் கிராமத்தில் எத்தனை வீடு, 6 வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளை, பிறந்த தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். டீச்சரிடம் கணக்கு இருக்கும், ஆனால் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வந்து தங்குகிற குடும்பங்கள் அதில் விட்டுப்போக நிறைய வாய்ப்பு உண்டு. பால்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு ஒன்றிய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது, வேலைக்குப் போகிற அம்மாக்களின் 6 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. அதன் பெயரையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

இதைக் கொண்டுபோக வேண்டிய இடம் கிராம சபை. வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, சபை கூட வேண்டும், நீங்கள் சொன்னதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம், எழுதிய பிறகே கையெழுத்து போடுங்கள். நவம்பர் 1இல் போய்க் கேட்டால் அதற்குள் பழம் சிவந்துவிடும். ஆகஸ்ட் 15இல் கேட்டால்தான் இந்த வருஷத்துப் பறிப்புக்கு ஏதாவது நகரும்.

அது வருகிற வரை? நம் மலைப் பழங்குடிகளான மலையாளி மக்கள் (கேரளாக்காரர்கள் இல்லை) ஊர்களில் பறிப்புக்குப் போகாத பாட்டி வீட்டுக்கு ஒருவர் இருப்பார். இரண்டு பாட்டிகள் சேர்ந்து ஐந்தாறு பிள்ளைகளைக் காலையில் பார்த்துக்கொண்டு, நேரமானதும் பால்வாடியில் கொண்டுபோய் விடுவது, அதற்கு ஒவ்வொரு வீடும் கூலியில் ஒரு சின்னப் பங்கு. சும்மா பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், பாட்டி என்றால் இலவசம் என்கிற நினைப்பு நம்மிடம் ரொம்பவே ஊறிப்போயிருக்கிறது.

கல்யாணம் செய்து கொடுத்தது கொண்டலாம்பட்டி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு ஆத்தூர். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு கொடுக்கிற மகப்பேறு உதவிப் பணத்தை எந்த ஊரில் வாங்குவது?
(வாசகி, சேலம்)

ஊர் மாறினாலும் எண் மாறாது. கர்ப்பம் உறுதியானதும் நர்சம்மா பதிந்து ஒரு எண் கொடுப்பார், 12 வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். ஆத்தூருக்குப் போகும்போது இங்கே சொல்லிவிட்டு, அங்கே போனதும் அதே எண்ணைக் காட்டுங்கள். புதிதாக இன்னொரு பதிவு போட்டால்தான் சிக்கல். மொத்தம் 18,000 ரூபாய், 14,000 கணக்கில் தவணையாக வரும், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பணம் வராமல் ஆறு மாதம் அலைந்தோம், கடைசியில் பார்த்தால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை. முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழ் மட்டும் குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான். 21 நாளுக்குள் பதிவு இலவசம். ஜாதகம் பார்த்துப் பெயர் முடிவாகவில்லை என்றால் பரவாயில்லை, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே விசைத்தறி. பையனுக்கு இரண்டரை வயது, இன்னும் "அம்மா" தவிர பேச்சு வரவில்லை. ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்கிறார் மாமியார்.
(வாசகி, சேலம்)

மாமியாரோடு சண்டை வேண்டாம், ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். முதலில் காது சோதனை. தறிச் சத்தத்தில் பிள்ளை காதில் எது விழுகிறது, எது விழவில்லை என்பது வீட்டில் யாருக்குமே தெரியாமல் போகும், பெரியவர்களே அங்கே கத்தித்தானே பேசுகிறோம். பால்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை பள்ளிச் சிறார் மருத்துவக் குழு வரும், அன்றைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது வரைக்கும் தள்ளாமல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கே நேராகப் போனாலும் சரிதான். தொட்டிலைத் தறி இருக்கிற அறையிலிருந்து இன்றைக்கே நகர்த்துங்கள்.

சேலம் என்றதும் வெளியூர்க்காரர்கள் தொட்டில் குழந்தை பற்றித்தான் கேட்கிறார்கள். சங்கடமாக இருக்கிறது.
(வாசகர், அஸ்தம்பட்டி)

பெண் சிசுக்களைக் கொன்ற மாவட்டம் என்பதால் வேண்டாம் என்கிற பெண் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிடலாம் என்கிற அந்தத் திட்டம் 1992இல் இங்கே ஆரம்பித்தது, மறைக்க ஒன்றுமில்லை. அதே வருஷம் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் தலைக்கு 25,000, அரசே வைப்புத்தொகை போடும். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு, பிறந்து 3 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த 3 வருஷத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

என் கணவர் வங்கியில் வேலை. பால்வாடிக்குப் பிள்ளையை அனுப்பினால் "உங்களுக்கு எதுக்கு இது" என்பார்களோ?
(வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்)

பால்வாடிக்கு வருமான வரம்பே கிடையாது. வாரம் மூன்று முட்டை, கலவை சாதம், கூட விளையாடப் பத்துப் பிள்ளைகள். ஃபேர்லேண்ட்ஸ் மாதிரி வசதியான ஏரியாவில் இதில் கடைசியானது கிடைப்பதுதான் கஷ்டம். எடை போடுகிற அன்றைக்காவது போங்கள். சத்துமாவு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. லேசாக வறுத்து, வெந்நீர் தெளித்து, கொஞ்சம் நெய் விட்டு உருண்டை பிடித்தால் போதும். மேலும் சர்க்கரை போடாதீர்கள்.