இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு வாக்கியம்: வாசகர் கேள்வி – பதில்

பட்டமேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில் வரும் சொல் ஒப்புமைக் கேள்விகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரு ஜோடிச் சொல்லைக் கொடுத்து, அவற்றுக்கு இடையே உள்ள அதே உறவு கொண்ட இன்னொரு ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொல்பவை இவை.

கேள்வி: கொடுத்திருக்கும் இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் இரண்டு மூன்று விடைகள் சரியானவை போலவே தெரிகின்றன. எதைத் தொட்டாலும் தப்பாகிறது. எங்கே பிழை?

பதில்: பெரும்பாலும் விடைகளை முந்திக்கொண்டு பார்ப்பதுதான் பிழை. விடைகளைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். கேள்வியிலுள்ள இரண்டு சொல்லையும் சேர்த்து மனதுக்குள் ஒரு வாக்கியம் அமையுங்கள். அது ஒரு சொல்லைக் கொண்டு இன்னொன்றை வரையறுத்துச் சொல்லும் வாக்கியமாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். தச்சர் : இழைப்புளி. விடைகள்: (அ) தையற்காரர் : கத்தரிக்கோல், (ஆ) கொத்தனார் : மணியாசுக் கட்டை, (இ) உழவர் : அரிவாள், (ஈ) ஓவியர் : கண்காட்சி.

“தச்சர் இழைப்புளியைப் பயன்படுத்துகிறார்” என்று வாக்கியம் அமைத்தால் (ஈ) மட்டும்தான் விழும். மற்ற மூன்றும் கருவிகள், மூன்றும் பொருந்தும். நீங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாக்கியம் தளர்வாக இருக்கிறது, இறுக்க வேண்டும். “தச்சர் மரத்தின் மேற்பரப்பைச் சமமாக்க இழைப்புளியைப் பயன்படுத்துகிறார்.” இப்போது கத்தரிக்கோலும் அரிவாளும் போய்விட்டன, ஏனென்றால் இரண்டும் வெட்டுபவை. ஆனால் கொத்தனாரும் மரத்தில் வேலை செய்வதில்லையே! அளவுக்கு மீறி இறுக்கிவிட்டோம். ‘மரத்தின்’ என்பதை எடுத்துவிட்டு ‘தன் வேலைப்பொருளின்’ என்று போடுங்கள். பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டை சரியாக வந்து உட்காரும். விடை (ஆ).

ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தினால் வாக்கியத்தில் ஒரு விவரத்தைச் சேர்க்க வேண்டும். எதுவுமே பொருந்தாவிட்டால் ஒரு விவரத்தைக் கழற்ற வேண்டும். சேர்க்கும்போது ‘எதற்காக’ என்ற பயனை முதலில் சேருங்கள். கழற்றும்போது ‘எந்தப் பொருளில்’ என்பதை முதலில் விடுங்கள். இந்த வரிசை பெரும்பாலான கேள்விகளுக்கு ஒத்துவரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் வாக்கியத்தில் ‘சில சமயம்’, ‘ஒருவேளை’ என்று போட வேண்டிவந்தால் அது உறவே அல்ல. மருத்துவர் : செல்வம் என்ற ஜோடியைப் பாருங்கள். செல்வந்தரான மருத்துவர்கள் உண்டுதான். ஆனால் செல்வம் இல்லாவிட்டாலும் அவர் மருத்துவரே.

கேள்வி: உறவைச் சரியாகப் பிடித்தும் மதிப்பெண் போகிறதே?

பதில்: திசையைப் பாருங்கள். தென்றல் : சூறாவளி என்பதற்கு (அ) கொதிப்பு : வெதுவெதுப்பு, (ஆ) தூறல் : கொட்டும் மழை என்ற இரண்டு விடைகளிலும் இருப்பது அளவு வேறுபாடுதான். ஆனால் கேள்வி மென்மையிலிருந்து கடுமைக்குப் போகிறது, (அ) தலைகீழாகப் போகிறது. வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்கினீர்களோ, விடைகளிலும் அதே இடத்துச் சொல்லில்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: கேள்வியில் உள்ள ஆங்கிலச் சொல்லே தெரியாதபோது என்ன செய்வது?

பதில்: பின்னாலிருந்து வாருங்கள். ‘ஆசுவேஜ் : பெயின்’ என்று கேட்டிருக்கிறார்கள், முதற்சொல் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். விடைகள்: (அ) ட்ரிங்க் : கப், (ஆ) குவென்ச் : தர்ஸ்ட், (இ) ரீட் : லைப்ரரி, (ஈ) ஸ்பெல் : வேர்ட். ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் அமையுங்கள். கோப்பை இல்லாமலும் குடிக்கலாம், நூலகத்துக்கு வெளியிலும் படிக்கலாம். ஆகவே (அ), (இ) இரண்டுக்கும் நிலையான உறவு இல்லை, அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் (ஆ) தாகத்தைத் தணித்தல், (ஈ) சொல்லின் எழுத்துகளை வரிசையாகச் சொல்லுதல். இவற்றைக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். வலியை எழுத்துக்கூட்ட ஒரு சொல் இருக்குமா? இருக்காது. வலியைத் தணிக்க ஒரு சொல் கட்டாயம் இருக்கும். விடை (ஆ). ஆசுவேஜ் என்பதன் பொருளும் அதுவே.

தெரிந்த சொல்லும் ஏமாற்றும். ‘ஃப்ளாக் : விகர்’ (விகர் என்றால் ஊக்கம்) என்று வந்தால் கொடி என்று நினைத்துத் தடுமாறுவோம். விடைகளின் முதற்சொற்கள் எல்லாம் வினையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் இதுவும் வினை. தளர்தல், ஊக்கம் குன்றுதல் என்று பொருள். நிறம் மங்குவதைச் சொல்லும் ‘ஃபேட் : கலர்’ விடையாகும்.

கேள்வி: நான்கு சொல்லில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும் வகையை எப்படி அணுகுவது?

பதில்: அமெரிக்காவில் பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்காக 2023 வரை நடந்த மில்லர் அனாலஜீஸ் டெஸ்ட் முழுக்க இந்த வகையாகத்தான் இருந்தது. 60 நிமிடத்தில் 120 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு அரை நிமிடம். விடுபட்ட சொல் நான்கில் எந்த இடத்திலும் வரும். இதில் உறவு இரண்டு வழியில் ஓடலாம்: முதலாவது – இரண்டாவது, மூன்றாவது – நான்காவது என்று; அல்லது முதலாவது – மூன்றாவது, இரண்டாவது – நான்காவது என்று. முதலாவதையும் நான்காவதையும் ஜோடி சேர்க்கக் கூடாது.

கன்று : குட்டி :: பசு : ? விடைகள்: பால், ஆடு, கொம்பு, தொழுவம். கன்றுக்கும் குட்டிக்கும் நடுவே முட்டிமோதினால் இளமைப் பெயர் என்பதோடு நின்றுவிடுவோம். பசுவின் இளமை கன்று என்று ஒன்றையும் மூன்றையும் சேர்த்தால், குட்டிக்கு ஆடு தானாக வரும். ஒரு வழி பத்து வினாடியில் திறக்கவில்லை என்றால் மறு வழிக்கு மாறுங்கள்.

கேள்வி: இந்தக் கேள்விகளையே எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, இன்னும் பயிற்சி தேவையா?

பதில்: எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டுப் பட்டமேற்படிப்புக்குப் பலர் எழுதும் ஜி.ஆர்.இ.யில் (GRE) 2011 ஆகஸ்டு முதல் இவை இல்லை. மில்லர் தேர்வே 2023இல் நிறுத்தப்பட்டது. பழைய ஜி.ஆர்.இ. வழிகாட்டி நூலில் இந்தப் பகுதிக்காக நாட்களைச் செலவிடாதீர்கள். ஆனால் பொறியியல் முதலான பட்டமேற்படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வின் பொதுத்திறன் பாடத்திட்டத்தில் ஒப்புமை இருக்கிறது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் பொதுத்திறன் 15. துறைப் பாடத்தை விட இதில் மதிப்பெண் எடுப்பது எளிது.

அங்கே தவறான விடைக்குக் கழிவு உண்டு: 1 மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு. நான்கில் எதுவும் தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டால் சராசரி வரவு சரியாகப் பூஜ்யம். ஒரு விடையை அடித்துவிட்டுப் போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு வரவு. இரண்டை அடித்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு. உறவே இல்லாத ஜோடிகளை அடிக்கத் தெரிந்திருப்பதன் பலன் இதுதான்.

பயிற்சியில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே காரணத்தை எழுதிவையுங்கள்: சொல் தெரியவில்லை, வாக்கியம் தளர்வு, திசை தலைகீழ். முதல் காரணம் அதிகமென்றால் அகராதியை எடுங்கள். மற்ற இரண்டும்தான் அதிகமென்றால் புதுச்சொற்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, தெரிந்த சொற்களை வைத்தே தினமும் பத்து வாக்கியம் அமைத்துப் பழகுங்கள்.