முதுகுப்பைக்கு எந்த அடுப்பு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மே மாதம் நண்பர்கள் மூன்று பேராக மணாலி பக்கம் நான்கு நாள் மலையேற்றம் போகிறோம். சமையல் நாங்களேதான். பையில் தூக்கிப்போக எடை குறைந்த அடுப்பு ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் வேண்டும். ஆன்லைனில் பார்த்தால் தலை சுற்றுகிறது. பாரிமுனையில் ஒரு கடைக்காரர் டேபிள் அடுப்பைக் காட்டி, இதுவே போதும் என்கிறார். எதை வாங்கலாம் சார்?

பதில்: அடுப்பை அப்புறம் பார்ப்போம். எந்த கேஸ், அதை எங்கே வாங்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். அது தெரிந்துவிட்டால் பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும்.

சென்ட்ரலில் ரயில் ஏறுவதாக இருந்தால் கேஸ் கேனை, அதாவது அடுப்பில் மாட்டுகிற சின்ன கேஸ் டப்பாவை, இங்கிருந்து எடுத்துப்போகவே கூடாது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி, அது மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். சின்ன கேன்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விமானத்திலும் கைப்பை, செக்-இன் பை இரண்டிலுமே கேனுக்கு அனுமதி இல்லை. ஆகவே அடுப்பை மட்டும் கொண்டுபோய், கேனை மணாலியில் வாங்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள மலையேற்றச் சாமான் கடை ஒன்றில் போன் போட்டு, இருப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அந்தக் கடைகளில் நீங்கள் கேட்க வேண்டியது குட்டையான, தலையில் மரை உள்ள கேன். நம் ஊரில் டேபிள் அடுப்புக்கும் ஃபிளேம் கன்னுக்கும் போடுகிறார்களே, ஒல்லியான நீளக் கேன், அதில் மரை கிடையாது, வாயே வேறு. அதில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன்தான் இருக்கும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. சென்னையில் ஜோராக எரிகிற கேன், மலையில் விடியற்காலைக் குளிரில் உள்ளே கேஸ் இருந்தும் எரியாமல் படுத்துவிடும். ஐசோபியூட்டேனும் புரோபேனும் கலந்தது என்று கேனில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐசோபியூட்டேன் மைனஸ் 11 டிகிரி வரை தாங்கும், புரோபேன் மைனஸ் 42 வரை. டேபிள் அடுப்பு வேண்டவே வேண்டாம். நீளக் கேன்தான் அதற்கு உணவு, அடுப்பே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும்.

சரி, அடுப்பு. ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மடிந்து வரும், கேன் தலையில் திருகி வைக்கிற அடுப்பு உங்களுக்குப் போதும். சுமார் நூறு கிராம் எடை, விலையும் உங்கள் ஆயிரத்துக்குள் அடங்கும். 25 கிராம் எடையில் டைட்டானியம் அடுப்புகூட இருக்கிறது. ஒற்றை ஆள் ஒரு டம்ளர் வெந்நீர் போட அது அருமையானது. ஆனால் அதன் கால்கள் குட்டை. மூன்று பேருக்கான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் வைத்தால் ஆடும், கவிழ்ந்தால் கொதிநீர் தொடையில்தான் கொட்டும். 75 கிராம் மிச்சம் பிடிப்பதற்காக அந்த அபாயத்தை ஏற்காதீர்கள்.

கடையில் வாங்கினால் கல்லாவின் மேலேயே பிரித்துப் பாருங்கள். கால்களை விரித்து, நீங்கள் கொண்டுபோகப்போகிற பாத்திரத்தையே தண்ணீரோடு மேலே வையுங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் கால் மடங்கக் கூடாது. அடுப்பைத் தலைகீழாகத் திருப்பினால் மரைக்கு உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். அது வெடிப்பு விழாமல், நசுங்காமல் இருக்க வேண்டும். கேஸ் கசிவதும் கசியாததும் அதன் கையில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்திப் பற்றவைக்கிற வசதியை நம்பாதீர்கள், உயரத்தில் அது அடிக்கடி கைகொடுக்காது. லைட்டர் ஒன்று, நனையாமல் கட்டிய தீப்பெட்டி ஒன்று பையில் இருக்கட்டும்.

கேன் எத்தனை வேண்டும்? காற்று மறைவில் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்க 15 முதல் 20 கிராம் கேஸ் ஆகும். மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால், நான்கு நாளில் 16 லிட்டர், ஏறக்குறைய 300 கிராம். 230 கிராம் கேன் இரண்டு வாங்கினால் காற்றுக்கும் சேர்த்துப் போதும். மறைப்பே இல்லாமல் காற்று அடித்தால் கேஸ் செலவு எகிறிவிடும் என்பதை எண்ணூர் கடற்கரைப் பக்கம் அடுப்பு மூட்டிப் பார்த்தவர்கள் சொல்வார்கள். மறைப்பு கட்டும்போது மூன்று பக்கம் மட்டும் மறையுங்கள். முழுக்கச் சுற்றி மறைத்தால் சூடு கேனில் இறங்கும், அது வெடிக்கலாம். கூடாரத்துக்குள் மூட்டவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகவைக்க உட்கார்ந்தால் கேன்தான் காலியாகும். அவல், வறுத்த ரவை, சேமியா எடுத்துப்போங்கள்.

நம் ஊர் மலைகளுக்கும் இதே அடுப்பைக் கொண்டுபோகலாம் என்று தோன்றும். வனத்துறைப் பாதைகளில் தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. அங்கே போகும்போது கட்டுச்சோறு போதும்.

கேள்வி: வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒருவர் காலி கேனில் வீட்டு சிலிண்டர் கேஸை ஏற்றித் தருகிறார். புதுக் கேனைவிட விலை ரொம்பக் குறைவு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்தக் கேன்கள் ஒரே தடவை பயன்படுத்திவிட்டுப் போடுவதற்காக மெல்லிய தகட்டில் செய்தவை. நீளக் கேன் பியூட்டேனின் அழுத்தத்துக்குத்தான் கணக்குப் பண்ணப்பட்டது. வீட்டு சிலிண்டரில் புரோபேனும் கலந்திருக்கிறது. 40 டிகிரி வெயிலில் புரோபேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஏற்றுகிறவர் எவ்வளவு ஏற்றினார் என்று எடை போட்டும் பார்ப்பதில்லை. மேலே ஆவிக்கு இடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பிவிட்டால், சூட்டில் விரியும் திரவம் போக வழியில்லாமல் தகட்டைக் கிழிக்கும். வீட்டு சிலிண்டரிலிருந்து இப்படி மாற்றி ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து பக்கத்து வீட்டு அடுப்பு வரைக்கும் போகும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அது உங்கள் வீட்டோடு நிற்காது. அவரிடம் பேசிப் பாருங்கள். நிறுத்தவில்லை என்றால் காவல் நிலையத்தில் சொல்வதில் தப்பே இல்லை.

கேள்வி: கடையில் வாங்கிய மடக்கு அடுப்பு முதல் நாளே கேஸ் கசிகிறது. விற்ற பொருளை வாங்க மாட்டோம் என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்? (திருவொற்றியூர் வாசகி)

பதில்: பில்லில் அப்படி அச்சிட்டிருப்பதால் குறையுள்ள பொருளைத் தள்ளிவிட அவர்களுக்கு உரிமை வந்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப் செய்தி என்றாலும் பரவாயில்லை. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டில் செய்தது ஆகியவை அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள். மொட்டை மாடியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், கேனை மாட்டி மரைமேல் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புவதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எடுத்து முடித்ததும் கேனைக் கழற்றிவிடுங்கள்.