நிக்கல் தண்ணீருக்கு அந்த டிரம் உதவாது

வியாசர்பாடியில் சின்ன பிளேட்டிங் பட்டறை வைத்திருப்பவர் கேட்கிறார்: நிக்கல் அலசிய தண்ணீரைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயில் கலந்து தண்ணீரோடு குலுக்கும் 'திரவ ரெசின்' ஒரு டிரம் வாங்கினேன், ஏஜெண்ட் குலுக்கிக் காட்டியபோது நீல நிறம் அப்படியே மண்ணெண்ணெய்க்கு ஏறியது, என் தண்ணீர் மட்டும் எத்தனை குலுக்கினாலும் பச்சையாகவே நிற்கிறது, எங்கே தப்பு?

உங்கள் கையில் தப்பே இல்லை. டிரம்மின் மேல் அமீன் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமீன் என்பது நைட்ரஜன் உள்ள ஒரு ரசாயனம், அது ஆசிட்டோடு சேர்ந்ததும் எதிர்மின் அயனிகளை மட்டும்தான் எண்ணெய்க்குள் இழுக்கும். உங்கள் தண்ணீரில் நிக்கல் நேர்மின் அயனியாக இருக்கிறது. குளோரைடு நிறைய ஒட்டிக்கொண்டால் சில உலோகங்கள் எதிர்மின்னாக மாறும். துத்தநாகம் சுலபமாக மாறும், கோபால்ட் கடும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் மாறும், நிக்கல் மாறாது. ஏஜெண்ட் காட்டிய நீலம் கோபால்ட்டாகத்தான் இருக்க வேண்டும். நிக்கலைக் கீழே விட்டு கோபால்ட்டை மட்டும் பிரிக்கத்தான் ஆலைகளில் இந்தச் சரக்கைப் பயன்படுத்துகிறார்கள், அதையே நிக்கலை எடுக்கும் மருந்து என்று விற்றிருக்கிறார்!

அதனால் யார் என்ன விற்க வந்தாலும் அவர் கொண்டுவரும் பாட்டிலைப் பார்க்காதீர்கள், உங்கள் தொட்டித் தண்ணீரில் செய்துகாட்டச் சொல்லுங்கள், ரசாயனப் பெயரை பில்லில் எழுதச் சொல்லுங்கள், தயங்கினால் அனுப்பிவிடுங்கள்.

கால்வனைசிங் (இரும்புக்குத் துத்தநாகம் பூசும்) பட்டறை வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டீர்கள். அவருடைய கழிவு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் துத்தநாகம் இருந்தால் எடுபடும், ஆனால் இரும்பு விஷயத்தில் கவனம். புதுக் கழிவில் இரும்பு பெரும்பாலும் இரண்டு மின்னேற்றத்தோடு இருக்கும், அது எண்ணெய்க்கு ஏறாது. காற்றுப் பட்டுப் பட்டு அது மூன்றாக மாறிவிட்டால் துத்தநாகத்தோடு சேர்ந்து அதுவும் ஏறி இடத்தை அடைத்துக்கொள்ளும், எண்ணெய் மஞ்சளாகும். மாதக்கணக்கில் திறந்த தொட்டியில் கிடந்த ஆசிட்டில் முயற்சி செய்து மருந்தே சரியில்லை என்று சொல்பவர்கள் பலர். முதலில் கொஞ்சம் இரும்புத்தூள் போட்டு, அந்த மூன்றை இரண்டாகக் குறைத்துவிட்டு அப்புறம் குலுக்கச் சொல்லுங்கள். இரும்புத்தூள் போட்டால் ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

உங்கள் தண்ணீருக்கு நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் திட ரெசின் போதும். நிரம்பியதும் நீர்த்த கந்தக ஆசிட்டால் கழுவினால் நிக்கல் திரும்பக் கிடைக்கும். கழிவுநீருக்காக நோட்டீஸ் கொடுக்க மட்டும் ஆள் வருகிறது, வாங்குவதற்கு முன்னால் எந்த உலோகத்துக்கு எது என்று சொல்ல ஒருத்தர் இல்லை, ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்காரர் யாரிடம்தான் போய்க் கேட்பார்?

மீதி டிரம்மை சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். அமீன் மீனைக் கொல்லும். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது வலை எடுக்க முடியாமல் நின்றவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான். மூடி இறுக்கி, பில்லோடு விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.