மலையாட்டு டேக் எப்போது விழும்? – கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உச்சிப் பாறைகளில் திரியும் வெள்ளை மலையாட்டை வேட்டையாட, மாநில வனவிலங்குத் துறைகள் குலுக்கல் போட்டுத் தரும் அனுமதியைத்தான் இங்கே டேக் என்கிறோம். நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில். மான், எல்க் (பெரிய மான் வகை) பற்றி வந்தவற்றை இன்று தொடவில்லை.

கார்த்திக், டகோமா: அண்ணா, இந்த வருஷம்தான் முதல்முறை விண்ணப்பிக்கிறேன். எத்தனை வருஷத்தில் டேக் கிடைக்கும்?

தம்பி, இது ரேஷன் கடை வரிசை இல்லை; நின்றுகொண்டே இருந்தால் நம் முறை வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டேக் கிடைக்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பாயிண்ட் சேரும். குலுக்கலில் அந்தப் பாயிண்டை வர்க்கப்படுத்துவார்கள். 20 பாயிண்ட் வைத்திருப்பவருக்கு 400 சீட்டு, உங்களுக்கு ஒன்றே ஒன்று. ஆனாலும் அந்த 400 சீட்டுக்காரருக்கும் உறுதி கிடையாது, ஏனென்றால் அவரைப் போல் இன்னும் பலர் அதே பெட்டியில் இருக்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வருஷத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வருஷம் விடாமல் விண்ணப்பித்தாலும் ஒருமுறையாவது விழுவதற்கான வாய்ப்பு 26 சதவீதம்தான். நூறு வருஷம் போட்டால் 63. பாயிண்ட் ஏற ஏற உங்கள் வாய்ப்பு கூடும், சரி. ஆனால் உங்களோடு சேர்ந்து எல்லோருக்கும் ஏறுகிறது, புதிதாக ஆட்களும் வருகிறார்கள். அதனால் "எத்தனை வருஷம்" என்ற கேள்விக்கு யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள்.

வாஷிங்டனில் இது வாழ்நாளில் ஒருமுறைதான். ஆகவே காத்திருக்கும் காலத்தில் கிடா எது, பெட்டை எது என்று கண்ணால் பிரிக்கப் பழகுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

பிரியா, பாய்ஸி: ஐடஹோவில் பாயிண்டே கிடையாது என்கிறார்கள். அப்படியென்றால் இருபது வருஷமாகப் போடுகிறவருக்கும் எனக்கும் ஒரே வாய்ப்பா?

ஆமாம், ஒரே வாய்ப்பு. எனக்குப் பிடித்த முறையும் இதுதான். ஆனால் ஐடஹோ வேறு இரண்டு வழிகளில் கூட்டத்தைக் குறைக்கிறது. மூஸ் (மிகப் பெரிய மான் வகை), காட்டுச் செம்மறி, மலையாடு இவற்றில் ஒன்றுக்கு விண்ணப்பித்தால், அந்த வருஷம் மான், எல்க், பிராங்ஹார்ன் (மறிமான் போன்ற விலங்கு) குலுக்கல்களில் பெரும்பாலானவற்றில் கலந்துகொள்ள முடியாது. அது மட்டுமல்ல, டேக்குக்கான முழுக் கட்டணத்தையும் முன்னாடியே கட்ட வேண்டும். விழாவிட்டால் திருப்பித் தருவார்கள். "போட்டுத்தான் வைப்போமே" என்று வருகிறவர்கள் இதிலேயே கழன்றுவிடுவார்கள். விண்ணப்பம் ஏப்ரல் மாதம். மே மாதம் ஞாபகம் வந்து பயனில்லை.

சரவணன், ஸ்போகேன்: பிரியாவுக்கு நீங்கள் சொன்னது எனக்கு உடன்பாடில்லை சார். 19 வருஷமாகப் பணம் கட்டிப் பாயிண்ட் சேர்த்திருக்கிறேன். நேற்று வந்தவரும் நானும் ஒன்று என்றால் அது என்ன நியாயம்?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் கட்டிய பணம் அந்தந்த வருஷக் குலுக்கலுக்கான கட்டணம். அதற்கான வாய்ப்பை அந்தந்த வருஷமே அனுபவித்துவிட்டீர்கள். பாயிண்ட் என்பது துறை தரும் கூடுதல் சலுகை. மாநிலம் நாளைக்கே விதியை மாற்றலாம், அதை யாரும் தடுக்க முடியாது.

திவ்யா, சியாட்டில்: சரவணன் சார் பேசுவதைப் பார்த்தால், 22 வயதுக்காரர்கள் எல்லாம் அவருக்காகப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது!

கொஞ்சம் காரம் கூடிவிட்டது, ஆனால் உள்ளே விஷயம் இருக்கிறது. டேக் எண்ணிக்கை கூடவே கூடாது என்பதை முதலில் பாருங்கள். மலையாட்டுக் கூட்டம் சிறியது, மெதுவாகத்தான் பெருகும். அதிலிருந்து வருஷத்துக்குச் சில சதவீதத்துக்கு மேல் எடுத்தால் கூட்டம் சரிந்துவிடும். இருப்பது கைப்பிடி டேக், விண்ணப்பமோ ஆயிரக்கணக்கில். எந்த முறையைக் கொண்டுவந்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சாகும்வரை கிடைக்காது. முறை தீர்மானிப்பதெல்லாம் அந்த ஏமாற்றத்தை யார் தலையில் வைப்பது என்பதை மட்டும்தான். பாயிண்டை வர்க்கப்படுத்தினால் அது புதியவர்கள் தலையில் விழுகிறது. பாயிண்டே இல்லையென்றால் எல்லோர் தலையிலும் சமமாக விழுகிறது.

சரவணன், ஸ்போகேன்: அப்படியானால் யூட்டாவில் என்ன செய்கிறார்கள்? அங்கே பழையவர்களை மதிக்கிறார்களே!

பாதியை மதிக்கிறார்கள். டேக்குகளில் பாதி அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு, மீதிப் பாதி எல்லோருக்கும் பொதுவான குலுக்கல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு டேக் உள்ள பகுதியில் அதை எப்படிப் பாதியாக்குவீர்கள்? அதோடு யூட்டாவாசிகள் வாழ்நாளில் ஒருமுறை என்ற பட்டியலில் உள்ள விலங்குகளில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். மலையாடா, பைசன் என்ற காட்டெருமையா, மூஸா என்று இளம் வயதிலேயே முடிவெடுக்க வேண்டும். வெளி மாநிலத்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பது உள்ளூர்க்காரர்களுக்கு எரிச்சல்.

நீங்களும் திவ்யாவும் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

முரளி, டென்வர்: கொலராடோவில்?

முதலில் மூன்று பாயிண்ட் சேர வேண்டும். அதுவரை போட்டியிலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் சேர்வது வேறு வகைப் பாயிண்ட். குலுக்கலில் உங்களுக்கு விழும் எண்ணை அது சிறிதாக்கும், சிறிய எண்ணுக்கு டேக். வரிசை இல்லை, வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

அனிதா, போர்ட்லேண்ட்: எத்தனை வருஷத்தில் கிடைக்கும் அண்ணா?

கார்த்திக்குக்குச் சொன்னதைப் படியுங்கள் தங்கச்சி. ஒரேகானில் மலையாட்டுக்குப் பாயிண்டும் கிடையாது, ஆகவே கணக்கு இன்னும் சுலபம்.

பெயர் வேண்டாம், ரெட்மண்ட்: எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

நல்ல கேள்வி, பலர் கேட்காமல் மாட்டிக்கொள்வது இதில்தான். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கவனியுங்கள்: உரிமம் காலாவதியான மறுநாளே அந்தப் பாதுகாப்பு போய்விடும், துப்பாக்கி அலமாரியில் சும்மா இருந்தாலும் சரி. மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி. நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

ராஜேஷ், கோயம்புத்தூர்: நம் வால்பாறைப் பக்கம் வரையாட்டுக்கு இப்படி டேக் தருவார்களா?

தருவார்கள், கையில் விலங்காக. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. அடுத்த கேள்வி.

செந்தில், மிசூலா: அண்ணா, விழுந்துவிட்டது! மான்டானாவில் மலையாட்டு டேக். கை நடுங்குகிறது. இப்போது என்ன செய்ய?

இதற்குத்தான் காத்திருந்தேன். உட்காருங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கிடாவைப் பெட்டையிலிருந்து பிரிக்கப் பழகுங்கள். உங்கள் டேக் இரண்டில் எதையும் அனுமதித்தாலும் பெட்டையைச் சுடாதீர்கள். பெட்டை முதல் குட்டி போடவே நான்கைந்து வயதாகும், ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. சின்னக் கூட்டத்தில் வளர்ந்த பெட்டை ஒன்று போனால் அதன் காயம் பல வருஷம் தெரியும்.

சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் கொம்பு உண்டு, இரண்டுக்கும் தாடி உண்டு. கொம்பின் நீளத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் பெட்டையின் கொம்பு சில சமயம் கிடாவினதைவிட நீளமாகவே இருக்கும். அடிக்கொம்பைப் பாருங்கள். கிடாவுக்கு அடி பருத்து, இரண்டும் நெற்றியில் நெருங்கி நிற்கும். அடியிலிருந்தே சீராக வளைந்து போகும். பெட்டையின் கொம்பு மெலிந்து, நடுவில் நல்ல இடைவெளி விட்டு நேராக ஏறி, நுனிக்குப் பக்கத்தில்தான் சட்டென்று பின்னால் மடங்கும். இதை எதிரிலிருந்தும் பக்கவாட்டிலும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, அது சிறுநீர் கழிக்கும்வரை பொறுமையாக ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருங்கள். பெட்டை பின்பக்கத்தைத் தாழ்த்திக் குந்தும், கிடா உடம்பை முன்னால் நீட்டி நிற்கும். சிரிக்காதீர்கள், இதைவிட உறுதியான அடையாளம் கிடையாது. கோடையில் கிடாக்கள் பழைய முடியைச் சீக்கிரம் உதிர்த்து வழவழவென்று இருக்கும்போது, குட்டியோடு இருக்கும் தாய்கள் மேல் இன்னும் கந்தல் கந்தலாகத் தொங்கும். தனியாக நிற்பதெல்லாம் கிடா என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சுட்டால் அது எங்கே விழும்? இந்த விலங்கு எளிதில் சாயாது. அடிபட்டதும் செங்குத்துப் பாறையை நோக்கித்தான் ஓடும். உங்களால் இறங்கி எடுக்க முடியாத இடத்தில் நிற்கிற ஆட்டைச் சுடாதீர்கள். இருநூறு அடி கீழே உருண்டால் கொம்பு உடையும், கறி சிதையும், அதை எடுக்கப் போகும் உங்கள் கழுத்தும் போகும்.

சீசன் தொடக்கத்தில் நடக்க எளிது, முடி குட்டை. நவம்பர் நெருங்க நெருங்க முடி அடர்ந்து அழகாகும், பாறையில் பனியும் உறையும். முதல் மலையாட்டு வேட்டை என்றால் நான் செப்டம்பரைத்தான் சொல்வேன். இன்னொரு விஷயம், மான்டானாவில் டேக் விழுந்தவர் அதே விலங்குக்கு ஏழு வருஷம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

வினோத், டகோமா: வயோமிங்கின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் மலையாடுகளை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்களே, நாங்கள் இங்கே பாயிண்ட் எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

2020இல் நடந்தது. அந்த ஆடுகள் அங்கே வெளியிலிருந்து வந்து குடியேறியவை. பூர்வீகக் காட்டுச் செம்மறிகளுக்கு நோய் பரப்பும், மேய்ச்சலைப் பறிக்கும் என்பது பூங்காவின் கவலை. பிப்ரவரியில் ஹெலிகாப்டர் வேலையை ஆரம்பித்தார்கள், வயோமிங் ஆளுநர் எதிர்த்ததும் நிறுத்தினார்கள். இலையுதிர் காலத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை நடந்துபோய்ச் சுட அனுப்பினார்கள். உங்கள் மாநிலத்திலேயே ஒலிம்பிக் பூங்காவிலிருந்து 2018 முதல் 2020 வரை 325 ஆடுகளை ஹெலிகாப்டரில் தூக்கிக் கேஸ்கேட் மலைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1920களில் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள் அவை. இது பூர்வீகம் பற்றிய பிரச்சினை, உங்கள் பாயிண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

லட்சுமி, சியாட்டில்: நாங்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. நடைபாதையில் ஆடு பின்னாலேயே வருகிறதே?

உப்புக்காக அம்மா. வியர்வை, சிறுநீர் இரண்டையும் தேடி வரும். பாதை ஓரத்தில் சிறுநீர் கழிக்காதீர்கள், கிட்டே வந்தால் கத்தி, கல்லெறிந்து விரட்டுங்கள். 2010இல் ஒலிம்பிக் பூங்காவில் ஒரு மலையாடு குத்தி நடைபயணி ஒருவர் இறந்தார்.

பாலா, சிங்கப்பூர்: பணம் பிரச்சினை இல்லை. காத்திருக்காமல் வழி உண்டா?

அலாஸ்கா அல்லது பிரிட்டிஷ் கொலம்பியா. இரண்டிலும் உங்களுக்கு வழிகாட்டி கட்டாயம். கிடாவா பெட்டையா என்று வழிகாட்டி சொன்னாலும் நீங்களும் பாருங்கள்.

ஹரி, யாக்கிமா: எத்தனை வருஷத்தில்…

கார்த்திக்கின் பதில்.

சுகன்யா, ரீனோ: கறி எப்படி இருக்கும்?

வயசான கிடா என்றால் ரப்பர். துண்டுகளைச் சின்னதாக நறுக்கித் தயிரில் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் வழக்கமாக விடுவதைவிட இரண்டு மடங்கு விசில். மிளகு தாராளமாக.